உங்கள் பெயரில் வரும் மெயில், உங்களைப் போல வரும் மெயில்

கேள்வி: ஐயா, மண்ணடி தம்பு செட்டி தெருவில் கஸ்டம்ஸ் கிளியரிங், ஃபார்வர்டிங் அலுவலகம் வைத்திருக்கிறேன். ஏழு பேர் வேலை செய்கிறோம். போன மாதம் ஸ்ரீபெரும்புதூர் பார்ட்டி ஒருவருக்கு எங்கள் மெயில் ஐடியிலிருந்தே, "பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது, இனி இந்தக் கணக்கில் போடுங்கள்" என்று மெயில் போயிருக்கிறது. அவர் போன் பண்ணிக் கேட்டதால் தப்பித்தோம். பத்து நாள் கழித்து, ஆம்பூர் தோல் ஏற்றுமதியாளர் ஒருவர் அதே மாதிரி மெயிலை நம்பி 2,35,000 ரூபாய் போட்டுவிட்டார். "உங்க மெயில்ல இருந்துதானே வந்துச்சு, நீங்கதான் பொறுப்பு" என்கிறார். எல்லாருடைய பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டோம். வெப்சைட் செய்து கொடுத்த தம்பி, "டிமார்க் போட்டால் எல்லாம் நின்றுவிடும்" என்கிறார். நிஜமா? இரண்டு மெயிலின் ஹெடரையும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: தம்பி சொன்னதில் பாதி சரி. டிமார்க் என்பது உங்கள் டொமைன் (மெயில் ஐடியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்) பெயரில் வரும் போலி மெயிலை என்ன செய்ய வேண்டும் என்று பெறுகிற சர்வருக்குச் சொல்லும் பதிவு. ஸ்ரீபெரும்புதூருக்குப் போன மெயிலை டிமார்க் தடுத்திருக்கும். ஆம்பூருக்குப் போனதைத் தடுத்திருக்காது. பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் இரண்டும் வேறு வேறு திருட்டு. வைத்தியமும் வேறு.

அதற்கு முன்னால் பண விஷயம். ஆம்பூர்க்காரர் இன்னும் புகார் கொடுக்கவில்லை என்றால் இதைப் படித்து முடிப்பதற்குள் 1930 என்ற எண்ணுக்கு அழைக்கச் சொல்லுங்கள். சைபர் கிரைம் தேசிய இணையதளத்திலும் பதியலாம். பணம் அவருடையது என்பதால் புகார் அவர் பெயரில் போக வேண்டும். கையில் இருக்க வேண்டியவை: யுடிஆர் எண் (பணப் பரிமாற்றத்தின் அடையாள எண்), பணம் போன கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி, நேரம். அவருடைய வங்கிக் கிளைக்கும் அதே நேரத்தில் எழுத்தில் கொடுக்க வேண்டும். திருட்டுக் கணக்கில் பணம் விழுந்த கையோடு நாலைந்து கணக்குகளுக்குப் பிரிந்து ஓடும். அது வெளியே போவதற்குள் புகார் பதிவானால்தான் மிச்சத்தையாவது முடக்க முடியும். அந்த மெயிலை யாரும் அழிக்கக் கூடாது, சாதாரணமாக ஃபார்வர்ட் செய்யவும் கூடாது. ஃபார்வர்ட் செய்தால் பழைய ஹெடர், அதாவது மெயில் எங்கிருந்து எப்படி வந்தது என்ற குறிப்பு, போய்விடும். ஜிமெயிலில் மூன்று புள்ளியைத் தட்டினால் "டவுன்லோட் மெசேஜ்" வரும். அப்படி எடுத்த கோப்புதான் சாட்சி. பின்னால் வழக்கு என்று போனால் பாரதிய சாட்சிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழோடு தாக்கல் செய்ய இந்த மூலக் கோப்பு வேண்டும்.

இனி ஹெடருக்கு வருவோம்.

மெயில் அனுப்பும் முறையான எஸ்எம்டிபி 1982இல் எழுதப்பட்டது. "நான் இன்னார்" என்று அனுப்புகிறவர் சொன்னால் அப்படியே நம்பும் ஏற்பாடு அது. ஒவ்வொரு மெயிலிலும் அனுப்புநர் முகவரி இரண்டு இடத்தில் இருக்கும். ஒன்று சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது சொல்லும் உறை முகவரி. ஹெடரில் அது "ரிடர்ன்-பாத்" என்று பதிவாகும். இன்னொன்று திரையில் நமக்குத் தெரியும் "ஃப்ரம்" முகவரி. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எஸ்எம்டிபி கட்டாயப்படுத்தவில்லை. மோசடி நுழைவது இந்த இடைவெளியில்தான்.

ஸ்ரீபெரும்புதூர் மெயிலில் ஃப்ரம் இடத்தில் உங்கள் அக்கவுண்ட்ஸ் முகவரி எழுத்துப் பிசகாமல் இருக்கிறது. ரிடர்ன்-பாத்தில் சம்பந்தமே இல்லாத வேறொரு டொமைன். பதில் போகும் "ரிப்ளை-டு" முகவரி ஒரு இலவச மெயில் ஐடி. "அதென்டிகேஷன்-ரிசல்ட்ஸ்" என்ற வரியைப் பாருங்கள். எஸ்பிஎஃப் பாஸ், டிகிம் நன், டிமார்க் நன். (மூன்றும் என்ன என்று கீழே சொல்கிறேன். பாஸ் என்றால் சோதனையில் தேறியது, நன் என்றால் அப்படி ஒன்று இல்லை.) எஸ்பிஎஃப் பாஸ் என்றதும் உங்கள் தம்பிக்குக் குழப்பம் வந்திருக்கும். பாஸ் ஆனது உங்கள் டொமைனுக்கு இல்லை, ரிடர்ன்-பாத்தில் இருந்த திருடனின் டொமைனுக்கு. இந்த மெயில் உங்கள் சர்வர் பக்கமே வரவில்லை. உங்கள் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு வேறு எங்கிருந்தோ புறப்பட்டிருக்கிறது. உங்கள் பாஸ்வேர்ட் யாருக்கும் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இதில் இல்லை.

இதை அடைக்கத்தான் மூன்று பதிவுகள். மூன்றும் உங்கள் டொமைனின் டிஎன்எஸ்ஸில், அதாவது டொமைனைப் பற்றி எல்லா சர்வர்களும் பார்க்கும் பொதுப் பதிவேட்டில், உட்காரும்.

முதலாவது எஸ்பிஎஃப். "என் டொமைன் பெயரில் மெயில் அனுப்ப இந்த சர்வர்களுக்கு மட்டும்தான் அனுமதி" என்ற பட்டியல். ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் பதிவுதான் இருக்கலாம். உங்கள் டொமைனில் இப்போது இரண்டு இருக்கின்றன. ஹோஸ்டிங் வாங்கியபோது தானாக வந்தது ஒன்று, பில்லிங் மென்பொருள்காரர் போடச் சொன்னது இன்னொன்று. இரண்டு இருந்தால் பெறுகிற சர்வர் எதையும் எடுத்துக்கொள்ளாது, "பெர்ம்எரர்" என்று ஒதுக்கிவிடும். அதாவது இத்தனை நாளும் உங்களுக்கு எஸ்பிஎஃப் இல்லாத மாதிரிதான். இரண்டையும் சேர்த்து ஒரே வரியாக்குங்கள். சேர்க்கும்போது பத்து என்ற வரம்பு உண்டு. "இன்க்ளூட்", "ஏ", "எம்எக்ஸ்" என்று டிஎன்எஸ்ஸைத் தேட வைக்கும் குறிகள், ஒன்றுக்குள் ஒன்றாக இருப்பவையும் சேர்த்து, பத்தைத் தாண்டினால் மறுபடி பெர்ம்எரர்தான். சர்வரின் ஐபி எண்ணை (இணையத்தில் அதன் முகவரி எண்) நேரடியாக எழுதினால் அது கணக்கில் வராது. வரியின் கடைசியில் "ஆல்" என்ற சொல்லுக்கு முன் டில்டே (~) குறி போட்டால் சந்தேகப்படு என்று பொருள், மைனஸ் போட்டால் மறுத்துவிடு. டில்டேயில் தொடங்குங்கள். பிளஸ் போட்டால் உலகத்தில் யார் வேண்டுமானாலும் அனுப்பலாம் என்று நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி. "மெயில் போகமாட்டேங்குது" என்று புகார் வந்த அவசரத்தில் அப்படிப் போட்டுவிட்டு மறந்துபோகிறவர்களும் உண்டு.

ஷேர்டு ஹோஸ்டிங்கில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. அந்த சர்வரின் ஐபியை நீங்கள் அனுமதித்தால், அதே சர்வரில் கணக்கு வைத்திருக்கும் மற்ற வாடகைக்காரர்களும் எஸ்பிஎஃப் கண்ணுக்கு உங்களைப் போலத்தான் தெரிவார்கள். ஹோஸ்டிங்காரர் உள்ளே தனியாகக் கட்டுப்பாடு வைத்திருந்தால் சரி, இல்லையென்றால் அவர்களில் எவனும் உங்கள் பெயரில் அனுப்பலாம். ஏழு பேர் மெயிலுக்குக் கூகுள் வொர்க்ஸ்பேஸ், மைக்ரோசாஃப்ட் 365, ஸோஹோ என்று ஏதாவது ஒன்றுக்கு மாறிவிடுவது நல்லது என்பது என் கருத்து. வெப்சைட் பழைய இடத்திலேயே இருக்கட்டும்.

இரண்டாவது டிகிம். அனுப்பும் சர்வர் ஒவ்வொரு மெயிலிலும் ஒரு ரகசியச் சாவியால் கையெழுத்துப் போடும். அதைச் சரிபார்க்கும் பொதுச் சாவி உங்கள் டிஎன்எஸ்ஸில் இருக்கும். வழியில் உடலிலோ, கையெழுத்தில் சேர்த்த ஹெடர்களிலோ ஒரு எழுத்து மாறினாலும் கையெழுத்து பொருந்தாது. உங்கள் தொழிலில் கன்டெய்னர் சீல் எண் செய்யும் வேலைதான் இது. புறப்பட்ட இடத்தில் போட்ட சீல் அப்படியே இருக்கிறதா என்று சொல்லும், உள்ளே இருக்கும் சரக்கு நல்லதா என்று சொல்லாது. இந்தப் பின்பாதியை நினைவில் வையுங்கள், ஆம்பூர் மெயிலுக்கு வரும்போது வேண்டியிருக்கும்.

சாவி 2048 பிட் எடுங்கள். இங்கே மாட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டு. டிஎன்எஸ் டெக்ஸ்ட் பதிவில் ஒரு துண்டுக்கு 255 எழுத்துதான். 2048 பிட் சாவி அதைவிட நீளம். சில பேனல்கள் (டிஎன்எஸ் பதிவுகளைப் போடும் பக்கங்கள்) தானாகத் துண்டு போடும். சில பேனல்கள் சத்தமில்லாமல் வாலை வெட்டிவிடும். சேமித்த பிறகு திறந்து, கடைசி எழுத்து வரை இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது பெயர்க் கட்டம். பல பேனல்கள் நீங்கள் எழுதும் பெயருக்குப் பின்னால் டொமைனைத் தாங்களே ஒட்டிக்கொள்ளும். நீங்களும் முழுப் பெயரை எழுதினால் டொமைன் இரண்டு தடவை வரும், பதிவு யார் கண்ணிலும் படாது. ஹோஸ்டிங் கட்டுப்பாட்டுப் பக்கமான சிபேனலில் "ஈமெயில் டெலிவரபிலிட்டி" பக்கம் எல்லாம் சரி என்று பச்சை காட்டினாலும், உங்கள் நேம்சர்வர் (டிஎன்எஸ் பதிவுகளை வைத்திருக்கும் சர்வர்) வேறு கம்பெனியில் இருந்தால் அதற்கு அர்த்தம் இல்லை. அந்தக் கம்பெனியின் பேனலில் கையால் போட வேண்டும்.

எஸ்பிஎஃப் இருக்கும்போது டிகிம் எதற்கு என்று கேட்பார்கள். உங்கள் பார்ட்டி ஒருவர் தன் ஆபீஸ் மெயிலை ஜிமெயிலுக்குத் தானாகப் போகும்படி வைத்திருக்கிறார் என்று வையுங்கள். அங்கே போய்ச் சேர்வது அவருடைய சர்வரின் ஐபியிலிருந்து. உங்கள் பட்டியலில் அந்த ஐபி இல்லை, எஸ்பிஎஃப் தோற்றுவிடும். டிகிம் கையெழுத்து மெயிலோடு ஒட்டியே போவதால் தப்பித்துவிடும். நேர்மாறாக, "இந்த மெயில் வைரஸ் சோதனை செய்யப்பட்டது" என்று அடியில் ஒரு வரி சேர்க்கும் கேட்வே நடுவில் இருந்தால் டிகிம் உடையும். இரண்டும் இருந்தால்தான் ஒன்றாவது நிற்கும்.

மூன்றாவதுதான் டிமார்க். 2012இல் வெளியாகி, 2015இல் ஆர்எஃப்சி 7489 என்ற இணைய ஆவணம் ஆனது. எஸ்பிஎஃப்போ டிகிம்மோ பாஸ் ஆனால் மட்டும் போதாது, பாஸ் ஆன டொமைனும் திரையில் தெரியும் ஃப்ரம் டொமைனும் ஒத்துப்போக வேண்டும் என்று கேட்பது இதுதான். இந்த ஒத்துப்போதலுக்கு அலைன்மென்ட் என்று பெயர். ஸ்ரீபெரும்புதூர் மெயிலில் எஸ்பிஎஃப் பாஸ் ஆனது திருடனின் டொமைனுக்கு, ஃப்ரம்மில் இருந்தது உங்கள் டொமைன். ஒத்துப்போகவில்லை, டிகிம்மும் இல்லை. உங்களிடம் "ரிஜெக்ட்" (ஏற்காமல் திருப்பிவிடு) என்று ஒரு டிமார்க் பதிவு இருந்திருந்தால், டிமார்க்கைப் பார்க்கும் எந்த சர்வரும் அதை வாசலிலேயே திருப்பியிருக்கும். ஜிமெயில், யாஹூ, மைக்ரோசாஃப்ட் எல்லாம் பார்க்கின்றன. பார்ட்டி தன் ஆபீஸ் மூலையில் பழைய சர்வர் வைத்து ஓட்டிக்கொண்டு, அது டிமார்க்கைப் பார்க்காது என்றால், உங்கள் ரிஜெக்ட் அங்கே செல்லாது. முடிவெடுப்பது பெறுகிறவரின் சர்வர்.

பதிவில் "பி" என்ற குறிக்கு மூன்று மதிப்பு: நன், குவாரன்டைன், ரிஜெக்ட். நன் என்றால் கவனி, அறிக்கை அனுப்பு, எதையும் தடுக்காதே. குவாரன்டைன் என்றால் ஸ்பேமில் போடு. எடுத்த எடுப்பில் ரிஜெக்ட் போட்டுவிடாதீர்கள், உங்கள் மெயிலே நின்றுவிடும். முதலில் உங்கள் டொமைன் பெயரில் எங்கிருந்தெல்லாம் மெயில் போகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஏழு பேரின் மெயில் பெட்டி. இன்வாய்ஸ் அனுப்பும் பில்லிங் மென்பொருள். வெப்சைட்டில் "கொட்டேஷன் கேட்க" என்று இருக்கும் படிவம், அது ஹோஸ்டிங் சர்வரிலிருந்து நேராகப் போகும். ஸ்கேன் செய்த பில் ஆஃப் என்ட்ரியை மெயில் அனுப்பும் ஜெராக்ஸ் மெஷின், இதை அநேகமாக எல்லோரும் மறந்துவிடுவார்கள். துறைமுக வேலைக்குப் போகும் பையன் போனில் சொந்த ஜிமெயில் வழியாக ஆபீஸ் ஐடி பெயரில் அனுப்பிக்கொண்டிருக்கலாம், அதையும் கேளுங்கள்.

பில்லிங் மென்பொருளில் தனிக் கவனம் வேண்டும். அது தன் சொந்த டொமைனால் டிகிம் கையெழுத்துப் போடும், ரிடர்ன்-பாத்தும் அதனுடையதாகவே இருக்கும். இரண்டும் பாஸ், ஆனால் எதுவும் உங்கள் ஃப்ரம்மோடு ஒத்துப்போகாது. ரிஜெக்ட் போட்ட மறுநாள் இன்வாய்ஸ் எதுவும் போய்ச் சேராது. அந்த மென்பொருளின் அமைப்பில் "உங்கள் டொமைனைச் சரிபார்க்கவும்" என்கிற மாதிரி ஒரு பகுதி இருக்கும். அது கொடுக்கும் பதிவுகளை டிஎன்எஸ்ஸில் போட்டால் உங்கள் டொமைன் பெயரிலேயே கையெழுத்துப் போடத் தொடங்கும். அந்த வசதி இல்லாத மென்பொருளா? இன்வாய்ஸை டவுன்லோட் செய்து உங்கள் மெயிலிலிருந்து அனுப்புங்கள்.

பிறகு நன் மதிப்போடு டிமார்க் பதிவைப் போட்டு, "ஆர்யுஏ" என்ற இடத்தில் அறிக்கைக்கென்று தனியாக ஒரு முகவரி கொடுங்கள். அக்கவுண்ட்ஸ் ஐடியைக் கொடுத்தால் தினமும் வரும் அறிக்கைகள் மற்ற மெயிலை அமுக்கிவிடும். எக்ஸ்எம்எல் கோப்பாக வரும், கண்ணால் படிப்பது கஷ்டம், இலவசமாகப் படித்துக் காட்டும் தளங்கள் இருக்கின்றன. மாதக் கடைசி ஸ்டேட்மென்ட் அனுப்பும் நாட்கள் உள்ளே வரும்படி நான்கு வாரமாவது பாருங்கள். உங்கள் தாளில் உள்ள ஒவ்வொன்றும் ஒத்துப்போகிறது என்றானதும் குவாரன்டைன், இரண்டு வாரம் புகார் இல்லையென்றால் ரிஜெக்ட். நன்னிலேயே வருடக்கணக்கில் விட்டுவிட்டு "டிமார்க் போட்டிருக்கிறோம்" என்று சொல்லிக்கொள்வதுதான் இந்தத் துறையில் அதிகம் பார்க்கும் தவறு. நன் ஒரு மோசடி மெயிலையும் நிறுத்தாது.

கூகுளும் யாஹூவும் 2024 பிப்ரவரி முதல் விதியை இறுக்கியிருக்கின்றன. ஜிமெயிலுக்கு நாளொன்றுக்கு 5000க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு மூன்றும் கட்டாயம். உங்களைப் போன்ற சின்ன அலுவலகத்துக்கும் எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்றாவது வேண்டும். "நம்ம மெயில் ஜிமெயிலுக்குப் போகமாட்டேங்குது" என்ற பழைய புகார் உங்களுக்கும் இருந்தால் அதுவும் இதோடு தீரும்.

இப்போது ஆம்பூர் மெயில். அதன் ஹெடரில் எஸ்பிஎஃப் பாஸ், டிகிம் பாஸ், டிமார்க் பாஸ். மூன்றும் பச்சை. ஃப்ரம் முகவரியை எழுத்துக் கூட்டிப் படியுங்கள். உங்கள் டொமைனில் லாஜிஸ்டிக்ஸ் என்ற ஆங்கிலச் சொல் இருக்கிறது, இதில் அந்தச் சொல்லின் இரண்டாவது "ஐ" எழுத்து இல்லை. திருடன் அந்தப் பெயரை முறைப்படி விலைக்கு வாங்கி, மூன்று பதிவுகளையும் ஒழுங்காகப் போட்டுவிட்டு அனுப்பியிருக்கிறான். அவன் டொமைன், அவன் கையெழுத்து, எல்லாம் ஒத்துப்போகிறது. இதில் தப்பு கண்டுபிடிக்க டிமார்க்குக்கு எதுவும் இல்லை. சிசியில் உங்கள் ஆட்கள் இரண்டு பேர் பெயர் இருப்பதையும் கவனித்தீர்களா? அந்த முகவரிகளும் போலி டொமைனில்தான். ஆம்பூர்க்காரர் "ரிப்ளை ஆல்" போட்டாலும் ஒன்றுகூட உங்களுக்கு வந்திருக்காது.

என்னைக் கவலைப்பட வைப்பது கீழே இருக்கும் தொடர். உங்கள் நிஜ இன்வாய்ஸ், பிஎல் (பில் ஆஃப் லேடிங், கப்பல் சரக்கு ரசீது) எண், மூன்று நாள் முன்பு உங்கள் அக்கவுண்ட்ஸிலிருந்து போன நிஜ மெயில் எல்லாம் அதில் மேற்கோளாக இருக்கின்றன. ஆகவே ஏதோ ஒரு மெயில் பெட்டியை யாரோ உள்ளே இருந்து படித்துக்கொண்டிருந்தார்கள். அது உங்களுடையதாகவும் இருக்கலாம், ஆம்பூர்க்காரருடையதாகவும் இருக்கலாம். அந்தத் தொடர் இரண்டு பக்கமும் இருப்பதால் இதை வைத்து மட்டும் பழியை ஒரு பக்கம் சாய்க்க முடியாது. அவரிடமும் அப்படியே சொல்லுங்கள். மற்ற பார்ட்டிகளைக் கேளுங்கள். வேறு யாருக்காவது நிஜ இன்வாய்ஸோடு இதே மாதிரி வந்திருந்தால் பொதுவான இடம் நீங்கள்தான்.

பாஸ்வேர்ட் மாற்றியது நல்லது, போதாது. உள்ளே நுழைந்தவன் முதலில் செய்வது ஒரு ஃபார்வர்டிங் விதி போடுவது. "பேமென்ட்", "இன்வாய்ஸ்" என்ற சொல் இருக்கும் மெயிலின் நகல் அவனுக்குப் போகும், அல்லது பதில்கள் யாரும் திறக்காத ஃபோல்டருக்கு நகரும். பாஸ்வேர்ட் மாறினாலும் அந்த விதி ஓடிக்கொண்டே இருக்கும். சிபேனலில் "ஃபார்வர்டர்ஸ்", "குளோபல் ஈமெயில் ஃபில்டர்ஸ்", "ஈமெயில் ஃபில்டர்ஸ்" மூன்றையும் திறந்து பாருங்கள். கடைசியானதை ஏழு பெட்டிக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். வெப்மெயிலுக்குள்ளும் அவுட்லுக்கிலும் உள்ள ரூல்களையும் விடாதீர்கள். எல்லா செஷன்களையும் வெளியேற்றி, இருபடிச் சரிபார்ப்பைப் போடுங்கள். ஹோஸ்டிங்காரரிடம் ஐமேப் (மெயில் ஆப் வழியாகப் பெட்டியைத் திறக்கும் முறை), வெப்மெயில் லாகின் பதிவுகளை ஐபியோடு எழுத்தில் கேளுங்கள். இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் உத்தரவுப்படி லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், "அழிந்துவிட்டது" என்று உடனே சொன்னால் அதை நினைவூட்டுங்கள். மண்ணடியில் இல்லாத ஒருவர் இரவு இரண்டு மணிக்கு உங்கள் அக்கவுண்ட்ஸ் பெட்டியில் இருந்தால் அதில் தெரியும்.

போலி டொமைனை விற்ற பதிவாளர் யார் என்று ஹூஇஸ் தேடலில் வரும். அவர்களுடைய அப்யூஸ் முகவரிக்கு ஹெடரோடு புகார் கொடுத்தால் முடக்கச் சொல்லலாம். செர்ட்-இன்னுக்கும் தெரிவியுங்கள். எழுத்து மாற்றிய பெயர்களை எல்லாம் நீங்களே வாங்கிப் போட வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். முடிவே இல்லாத செலவு அது. உங்கள் பெயரின் .காம் வடிவம் கிடைத்தால் வாங்கி, மெயிலே போகாத டொமைன் என்று எஸ்பிஎஃப்பில் மைனஸ் ஆல் மட்டும், டிமார்க்கில் ரிஜெக்ட் என்று போட்டுவிடுங்கள். அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஆம்பூர் மாதிரி மெயிலை நிறுத்துவது டிஎன்எஸ் வேலை இல்லை, அலுவலக வழக்கம். எல்லா பார்ட்டிகளுக்கும் லெட்டர்ஹெட்டில் கடிதம் அனுப்புங்கள்: எங்கள் வங்கிக் கணக்கு மெயில் மூலம் மாறாது, மாறியதாக எது வந்தாலும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எங்கள் எண்ணுக்குப் பேசுங்கள், மெயிலில் இருக்கும் எண்ணுக்கு வேண்டாம். மெயிலில் இருக்கும் எண்ணைத் திருடனே எடுத்து, "ஆமா சார், மாத்திட்டோம்" என்பான். இன்னொன்றும் சொல்லுங்கள். ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி 2025 ஏப்ரல் முதல் ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் அனுப்பும் முன் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்கும் வசதியை வங்கிகள் தர வேண்டும். உங்கள் நிறுவனப் பெயருக்குப் பதிலாக யாரோ தனிநபர் பெயர் வந்தால் அங்கேயே நின்றுவிடலாம். போனில் மெயில் பார்க்கிறவர்களுக்குப் பெயர் மட்டும்தான் தெரியும், பெயரைத் தட்டினால்தான் முகவரி விரியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதே ஏமாற்று உங்கள் பக்கமும் வரும். வெளிநாட்டு ஏஜென்டுக்கு ஃபிரெய்ட் அனுப்புகிறவர் நீங்கள். ஏஜென்ட் கணக்கு மாறியது என்று மெயில் வந்தால், நாட்டை விட்டுப் பணம் போன பிறகு திரும்ப வாங்குவது உள்நாட்டுப் பணத்தைவிடப் பல மடங்கு கஷ்டம். போன் செய்யாமல் ஸ்விஃப்ட் போடுவதில்லை என்று அக்கவுண்ட்ஸில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. மேலே சொன்ன எதைச் செய்யவும் டிஎன்எஸ் பேனலின் லாகின் வேண்டும். அது இப்போது வெப்சைட் தம்பியின் மெயில் ஐடியில் இருக்கிறது என்று உங்கள் கடிதத்தைப் பார்த்தால் தோன்றுகிறது. அவர் நல்லவராகவே இருக்கட்டும். டொமைன் உங்கள் நிறுவனப் பெயரில், அந்த டொமைனில் இல்லாத வேறொரு மெயில் ஐடியில் பதிவாகி இருக்க வேண்டும். மெயில் நின்றுபோகும் நாளில் அதே மெயிலுக்கு ஓடிபி வந்து பயனில்லை. இந்த வாரமே மாற்றச் சொல்லி, பதிவாளர் கணக்குக்கும் இருபடிச் சரிபார்ப்பு போட்டு, ஆட்டோ ரினியூவலை ஆன் செய்துவிட்டு, பிறகு எஸ்பிஎஃப் வரியைத் தொடுங்கள்.